ஏட்டுக் கீறலும் புள்ளிக் கணக்கும்

1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றியபோது, அவர் கைக்கு வந்த ஏடுகளுள் செல்லரித்தவை பல. தொட்டால் ஒடிந்தவை பல. இன்று எஞ்சிய ஏடுகள் படமெடுக்கப்பட்டுக் கணினியில் சேமிக்கப்படுகின்றன. எவ்வளவு நுட்பமாகப் படமெடுத்தல் வேண்டும் என்பது கருவியாளரின் கவலை என்று புலவர்கள் ஒதுங்கிவிடலாகாது. அதற்கான விடை ஏட்டிலேயே இருக்கிறது.

கணினிப் படம் என்பது கோலத்திற்கு இட்ட புள்ளிகளைப் போல வரிசைப்பட்ட புள்ளிகளின் தொகுதி. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் என்பதே அதன் நுட்ப அளவு. காண வேண்டிய மிகச் சிறிய கூற்றின் அகலத்துள் குறைந்தது இரண்டு புள்ளிகளேனும் அமைதல் வேண்டும். மூன்று, நான்கு அமைந்தால் ஐயம் குறையும்.

எழுத்தாணிக் கீறலின் அகலம் 0.1 மில்லிமீட்டர் எனக் கொள்ளலாம். அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் எனில் கீறலுக்குள் ஒரு புள்ளியே முழுமையாக அமையும். 600 எனில் இரண்டு. 1200 எனில் நான்கு. ஆயின் நுட்பத்திற்கு விலையுண்டு. 40 சென்டிமீட்டர் நீளமும் 3.5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஏட்டின் ஒரு பக்கம், 600 அளவில் ஏறத்தாழ 78 இலட்சம் புள்ளிகளாகும். அளவை 1200 ஆக்கினால் புள்ளிகள் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றன.

இக்கணக்கால் இலக்கியத்திற்கு என்ன பயன்? பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. பொருளும் யாப்பும் நோக்கியே பதிப்பாசிரியர் பாடம் துணிகிறார். அத்துணிவுக்கு அவர் கையிலுள்ள சான்று கீறல் ஒன்றே. அது எங்கே நின்றது, எங்கே வளைந்தது, எழுத்தின் சுழியா, பூச்சி துளைத்த துளையா என்பது படத்தில் கலங்கிவிட்டால், எந்த ஏட்டிலும் இல்லாத பாடபேதம் ஒன்றைக் கருவியே தோற்றுவித்துவிடும்.

எண்ணை மட்டும் நம்புதலும் தவறு. சில கருவிகள் தாம் காணாத புள்ளிகளைக் கணக்கால் இட்டு நிரப்புகின்றன. புள்ளி பெருகும், செய்தி பெருகாது. மை மங்கிய ஏட்டில் பக்கவாட்டிலிருந்து விழும் ஒளி, எண்ணால் இயலாததைச் செய்யும். கீறலின் பள்ளம் நிழலாய் எழுந்து தோன்றும். அளவுகோல் ஒன்றையும் ஏட்டருகே வைத்துப் படமெடுத்தால், பின்வருவோர் எழுத்தின் உண்மை அளவை அறிவர்.

ஆகவே, ஏடு பயின்றவர் முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு சுவடியின் மிக மெல்லிய கீறலை அளக்கட்டும். அதன்பின் கருவியாளர் எண்ணைத் துணியட்டும். ஏடு பொடிந்த பிறகு மறுமுறை படமெடுக்க இயலாது. அன்று அப்படமே ஏடு. ஒரு கவிஞன் எழுதிய சொல் எது என்பதற்கு அதுவொன்றே சாட்சி சொல்லும்.