பார்த்தசாரதியின் வாக்கு

கடவுள் மனிதனுக்கு வாக்குக் கொடுக்கிறார் என்னும் எண்ணம் சமயங்கள் பலவற்றிலும் காணப்படுவது. விவிலியம் அதனை உடன்படிக்கை என்று கூறும். கானான் நாட்டில் குடியேறிய இஸ்ரவேல் மக்களைச் சீகேமில் ஒன்றுகூட்டிய யோசுவா, எவரை வழிபடுவது என்பதை அவர்களே அன்று முடிவு செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டான். கொடுப்பவனோ எல்லாம் வல்லவன். பெறுபவனோ மிக எளியவன். அவ்வாறிருக்க, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவ்வெளியவனுக்கு உண்டா? உண்டென்றால் வல்லவனின் அன்பு தோற்றுப்போகக் கூடியதாகின்றது. இல்லையென்றால் அது அன்புதானா என்னும் ஐயம் எழுகின்றது.

இக்கேள்வியை ஆராய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில், பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய கோயில் ஒன்று இருக்கிறது. பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு அங்கே உண்டு. மூலவர் வேங்கடகிருஷ்ணர், மீசையோடு நெடிதுயர்ந்து நிற்கிறார். அவர் கையில் சங்கு உண்டு, சக்கரம் இல்லை. உற்சவ மூர்த்தியாகிய பார்த்தசாரதியின் திருமுகத்தில் வடுக்கள் காணப்படும். பீஷ்மர் எய்த அம்புகள் பட்ட தழும்புகள் அவை என்பது மரபு. சக்கரம் ஏன் இல்லை? முகத்தில் வடு ஏன்? இரண்டிற்கும் விடை பாரதக் கதையில் ஒரே இடத்தில் கிடைக்கிறது.

போருக்கு முன், துரியோதனனும் அருச்சுனனும் துவாரகைக்கு உதவி நாடிச் சென்றனர். உறங்கிக்கொண்டிருந்த கண்ணனின் தலைமாட்டில் துரியோதனன் அமர்ந்தான். அருச்சுனன் காலடியில் நின்றான். கண் விழித்தபோது முதலில் தென்பட்டவன் அருச்சுனன். ஒரு பக்கம் நாராயண சேனை; மறுபக்கம் படைக்கலம் ஏந்தாத, போர் செய்யாத கண்ணன் ஒருவன். இளையவனே முதலில் தெரிவு செய்யட்டும் என்றான் கண்ணன். அருச்சுனன் வெறுங்கையனாகிய கண்ணனைக் கேட்டான். சேனை தனக்குக் கிட்டியதென்று துரியோதனன் மகிழ்ந்தான். திருவல்லிக்கேணியில் நாம் காணும் கோலம் இத்தெரிவின் விளைவு. அருச்சுனன் சேனையை விரும்பியிருந்தால் பார்த்தனுக்குச் சாரதி இல்லை. பார்த்தசாரதி என்னும் பெயரும் இல்லை.

அதே கண்ணன் தூது சென்றபோது துரியோதனன் அவன் சொல்லை மறுத்தான். அவனைச் சிறைப்பிடிக்கவும் எண்ணினான். கண்ணன் தன் பேருருவைக் காட்டினானே தவிர, துரியோதனனின் மனத்தை வலிந்து திருப்பவில்லை. பெரும்போர் ஒன்றைத் தடுக்க அவ்வளவேனும் செய்திருக்கலாகாதா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான்.

கீதையின் எழுநூறு சுலோகங்களில் இக்கருத்து ஓரிடத்தில் மிகத் தெளிவாக வருகிறது. பதினெட்டாம் அத்தியாயத்தில், தான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த கண்ணன், இவற்றை முழுதும் ஆராய்ந்து பார்த்து உன் விருப்பப்படி செய் என்னும் பொருள்படப் பேசுகிறான். அதற்குப் பின்னரே, மூன்று சுலோகங்கள் கழித்து, சரம சுலோகம் என்று வைணவர் போற்றும் வாக்குறுதி பிறக்கிறது. தன்னையே புகலாகக் கொள்பவனைப் பாவங்களினின்று விடுவிப்பதாகவும், அவன் வருந்த வேண்டாம் என்றும் அது உறுதியளிக்கிறது. இவ்வரிசையை நாம் கருத வேண்டும். உரிமை முதலிலும் உறுதி பின்னரும் வருகின்றன. வாக்கைக் காட்டி உரிமையைப் பறித்ததாக யாரும் சொல்ல இயலாது.

இச்சுலோகத்தின் பொருள் பற்றியே தமிழ் வைணவம் இரு கலைகளாகப் பிரிந்தது. வேதாந்த தேசிகர் வழியினர், குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல உயிரும் சிறிது முயல வேண்டும் என்பர். அம்முயற்சியை வியாஜம் என்று அவர்கள் அழைப்பர். பிள்ளை லோகாசாரியர் வழியினர், பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல அருள் தானே வந்து தூக்கும் என்பர். திருவல்லிக்கேணிக் கோயில் இவ்வழியைப் பின்பற்றும் தென்கலைக் கோயில். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஆட்டோ, 1930-இல் வெளியிட்ட நூலொன்றில் இந்திய அருள்நெறியைக் கிறித்துவத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். நம்மவரோ நாமத்தின் வடிவம் குறித்து நீதிமன்றப் படிகளும் ஏறினர்!

குரங்கும் பூனையும் கேட்போர் மனத்தில் எளிதில் பதிந்துவிடுவதால், ஆசாரியர்களின் நுட்பம் மறக்கப்படுகிறது. லோகாசாரியர், காப்பாற்றுதற்கு வேண்டுவது காக்கப்படுபவனின் இசைவு மட்டுமே என்று முமுட்சுப்படியில் கருதுகிறார். அந்த இசைவும் விலைக்கு ஈடானதன்று; வருவதை விலக்காதிருத்தலே அது. ஆகவே பூனைக்குட்டியும் வெறும் பொருளன்று. தேசிகர் வேண்டும் முயற்சியோ, அருளின் பெருமைக்கு முன் மிகச் சிறியது. ஒருவர் சிறிதென்று சொல்லி நிறுத்துகிறார். மற்றவர் அதையும் விலையாக எண்ணாதே என்கிறார். இருவரும் உயிரின் உரிமையை முற்றும் நீக்கவில்லை. என் கருத்தில், விலக்காமை என்பது நினைப்பதினும் கடினம். கொடுப்பதைவிடப் பெறுவதற்குத் தற்பெருமை மிகுந்த தடையாக நிற்கும்.

பதினான்காம் நூற்றாண்டில் திருவரங்கத்தின்மீது படை வந்தபோது, லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறி வழியிலேயே உயிர் நீத்தார் என்றும், தேசிகர் ஸ்ரீபாஷ்ய உரையாகிய சுருதப்பிரகாசிகையைக் காத்தார் என்றும் குருபரம்பரை கூறும். காக்கும் கடவுளை அன்று அடியார்கள் காத்தனர்! தத்துவத்தில் மாறுபட்டோர் துன்பத்தில் ஒரே வழியில் நடந்தனர்.

மீண்டும் கீதைக்கு வருவோம். தன் வாழ்நாளின் இறுதிக் காலத்தைத் திருவல்லிக்கேணியில் கழித்த பாரதியார் இந்நூலைத் தமிழாக்கியவர். அருச்சுனன் இறுதியில் ஒரே சுலோகத்தில் மறுமொழி சொல்கிறான்: மயக்கம் நீங்கியது, சொன்னபடி செய்வேன் என்னும் கருத்தில். ஆனால் அந்தச் சொற்களைக் கேட்டவன் அவன் மட்டுமன்று. போர் பத்து நாள் நடந்து பீஷ்மர் வீழ்ந்த பின்னர், சஞ்சயன் அவ்வளவையும் திருதராட்டிரனுக்கு ஒன்றுவிடாது எடுத்துரைத்தான். வெற்றி எப்பக்கம் என்பதையும் சேர்த்தே சொன்னான். அரசனாகிய அவன் ஆணையிட்டிருந்தால் போரை நிறுத்தியிருக்கலாம். இன்னும் எட்டு நாள் மீதியிருந்தன. அவன் நிறுத்தவில்லை. அடுத்த செய்தி என்னவென்று கேட்டான்.