முதியோர்க்கு ஓர் இல்லம்: நம் சங்கத்தின் அடுத்த பணி

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. தேர்ச்சி பெற்றோர் எத்தனை பேர், பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர் என்பவற்றைச் செயலாளர் தம் அறிக்கையில் விரிவாக எடுத்துரைத்துவிட்டார். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பட்டதாரிகளின் பெற்றோர் இன்று எவ்வாறு இருக்கின்றனர் என்பதே அது.

கம்பம் பள்ளத்தாக்கின் உழைப்பு எத்தகையது என்பதை இங்குள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை. 1895 ஆம் ஆண்டு பெரியாறு அணை திறக்கப்பட்டது. நீர் வந்தது, நிலம் நம் மக்களுக்கு வரவில்லை. நாற்று நட்டதும் கதிர் அறுத்ததும் நாமே. களத்தில் நெல்லை அளந்துகொண்டவர் வேறொருவர். திராட்சைத் தோட்டத்தில் பந்தலின் கீழ் அண்ணாந்து நின்று கழுத்து வலி கண்டோரும், விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று இருட்டிய பின் திரும்பியோரும் நம் தாய்மார்களே. அந்தக் கூலியில்தான் பிள்ளைகளுக்குச் சிலேட்டும் சீருடையும் வந்தன. நம் மாணவர் விடுதிக்குப் பிடியரிசி தந்தவர்களும் அவர்களே.

1972 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்க்கும் உரியதாகவே இருந்தது. ஆயினும் ஒரே முதலாளியிடம் ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தமைக்குச் சான்று வேண்டியிருந்தது. இன்று ஒரு தோட்டம், நாளை வேறொரு தோட்டம் என ஜீப் நின்ற இடமெல்லாம் வேலை செய்தவர்க்குச் சான்று ஏது? முழங்கால் தேய்ந்த பின் அவர்க்கு எஞ்சியது அரசின் முதியோர் உதவித்தொகை ஒன்றே. அது 2023 ஆம் ஆண்டு மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 40 ரூபாய். நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது என்பது உண்மையே. ஆனால் அரிசியை உலையில் இடுவதற்கு எழுந்து நிற்கக் கால் வேண்டுமே!

நாம் அறிந்த ஒரு காலனியில், பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோன ஒரு தாய் தொகுப்பு வீட்டில் கிடக்கிறார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார், பணம் அனுப்புகிறார், கெட்ட மகன் அல்லர். காலையில் எதிர்வீட்டுப் பெண் கஞ்சி ஊற்றிவிட்டுத் தன் கூலி வேலைக்குப் போகிறாள். மாலை அவள் திரும்பும்வரை அந்தத் தாய் நனைந்த துணியிலேயே கிடக்க வேண்டும். படுத்த படுக்கையானவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிடாவிட்டால் முதுகில் புண் வைக்கும் என்று செவிலியர் சொல்லித்தான் போனார். புரட்டுவது யார்? கட்டண இல்லம் ஒன்றை மகன் அணுகினார். தம் வேலைகளைத் தாமே செய்துகொள்வோரை மட்டுமே சேர்ப்போம் என்று கூறிவிட்டனர்.

தென்மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்னும் வழக்கம் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். எழ இயலாத முதியவரை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகச் செய்து, இளநீர் புகட்டிச் சாகவிடும் கொடுமை அது. 2010 ஆம் ஆண்டு விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் நாட்டையே அதிரச் செய்தன. அதனை இரக்கமற்றோர் செயல் என்று கண்டித்து முடித்துவிடுதல் எளிது. பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை, ஒரு நாள் கூலியை விடவும் வழியில்லை என்னும் நிலையில் ஒரு வீடு என்ன செய்யும் என்று கேட்பாரைக் காணோம்.

சட்டம் இல்லையா எனில், உண்டு. பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அறுபது வயது கடந்தோர் கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய்வரை தருமாறு ஆணையிடவும் அதற்கு அதிகாரம் உண்டு. நாட்கூலி பெறும் மகனிடமிருந்து எதனைப் பெறுவது? அச்சட்டத்தின் 19 ஆம் பிரிவு, மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும், அதில் குறைந்தது 150 வறியோர் தங்க இடம் என்று கூறுகிறது. ஆனால் அரசு அத்தகைய இல்லங்களை 'அமைக்கலாம்' என்பதே அதன் சொல். இலக்கணம் கற்பிக்கும் நமக்கு 'அமைக்கலாம்' என்பதற்கும் 'அமைக்க வேண்டும்' என்பதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். அவ்வாறே தேனியில் 150 பேர்க்கு இல்லம் எழுந்தாலும், கூடலூர்த் தாயைக் காண அவர் உறவினர் ஒரு நாள் கூலியை இழந்தல்லவா போக வேண்டும்?

ஆகவே பெரிய இல்லம் நமக்கு வேண்டா என்பது நம் கருத்து. நம் குடியிருப்பை ஒட்டியே பத்துப் படுக்கை கொண்ட ஒரு சிறு வீடு போதும். எழ இயலாதோர் அங்கே தங்குவர். நடமாடக் கூடியோர் பகலில் வந்து உணவுண்டு, இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு மாலையில் தம் வீடு திரும்புவர். 2021 ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர் வீடு வீடாக அலைவதை விட, அங்கே வந்தால் பலரை ஒருங்கே காணலாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். 1993 ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கிய வலி தணிப்புப் பணி, ஊர்த் தொண்டர்களால் பரவி, 2008 ஆம் ஆண்டு அம்மாநில அரசின் கொள்கையாகவே ஆயிற்று. அங்கும் தொடக்கம் பெருங்கட்டடம் அன்று. படுக்கையில் கிடப்பவர் வீட்டுக் கதவைத் தட்டிய மனிதரே.

நம் வீட்டை நாமே நடத்த வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யார் சமைத்தது, யார் எந்தத் தட்டில் உண்பது, யார் பக்கத்தில் யார் படுப்பது என்னும் கேள்விகளை வாழ்நாள் முழுதும் சுமந்தவர், இறுதிப் படுக்கையிலும் அவற்றைச் சுமத்தல் ஆகாது. அது மட்டுமன்று. நகரத்துக் கட்டண இல்லங்களில் மலம் அள்ளித் துடைக்கும் ஆயாக்கள் பெரும்பாலும் யார்? அயலார் தாய்க்குப் பணிவிடை செய்யும் அப்பெண்ணின் தாய் ஊரில் தனியே கிடக்கிறார். எனவே நம் இல்லத்தில் துப்புரவு ஒரு சாதியின் வேலையாகவும் இருத்தல் கூடாது. மருமகள்களின் ஊதியமில்லாக் கடமையாகவும் இருத்தல் கூடாது. பிளஸ் டூ முடித்த ஆணுக்கும் பெண்ணுக்கும் பயிற்சி அளித்து, கையுறை தந்து, மாத ஊதியம் தந்து அமர்த்த வேண்டும். இரவும் பகலும் ஆள் வேண்டுமாதலின், பத்துப் பேரைப் பேண ஐவரேனும் தேவை. கட்டடத்தை விட இதுவே பெருஞ்செலவு. நன்கொடை தருவோர் கல்வெட்டில் பெயர் பொறிக்க விரும்புவர். ஆயாவின் ஊதியத்தில் பெயர் பொறிக்க இயலாது. அதற்கென உறுப்பினர் மாதச் சந்தா ஒன்றை ஏற்படுத்தியாக வேண்டும். பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் 25 முதியோர் கொண்ட இல்லம் நடத்த மைய அரசு மானியம் வழங்கும் திட்டமும் உண்டு. வளர்ந்த பின் அதனையும் நாடலாம்.

கல்விச் சங்கத்திற்கு இஃது ஏன் என்று சிலர் கேட்கின்றனர். அண்ணல் அம்பேத்கர் 1924 ஆம் ஆண்டு நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, மாணவர் விடுதியும் படிப்பகமும் நடத்துவதோடு, நம் மக்களின் வாழ்க்கை நிலையை உயர்த்துவதையும் தன் நோக்கமாகக் கொண்டிருந்தது. அந்த வழியில் வந்ததே நம் சங்கமும்.

இனி உடனே செய்யத்தக்கது ஒன்றைக் கூறி அமர்கிறோம். நம் விடுதியின் மேல்வகுப்பு மாணவர்கள் இக்கோடை விடுமுறையில் தத்தம் காலனியில் வீடு வீடாகச் செல்லட்டும். எழ இயலாதவர் யார், பகலில் தனியே இருப்பவர் யார், உதவித்தொகை பெறாதவர் யார் என மூன்று கேள்விகளை மட்டும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வரட்டும். உதவித்தொகை பெறாதோர்க்கு அந்த வாரமே மனு எழுதித் தருவது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு. இடர்ப்படும் முதியோர்க்கென உள்ள 14567 என்னும் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதிவிட்டு வரட்டும். வரும் பொதுக்குழுவில், வரவு செலவுக் கணக்கிற்கு முன்பாக அந்த நோட்டைச் செயலாளர் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.