கலியும் மடமை நங்கையும்

மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரக்கால் மண்டபத்திற்குச் செல்வோர் ரதியையும் மன்மதனையும் கண்டு வியப்பர். மனைவியைத் தோளிற் சுமந்து நிற்கும் கலிபுருடனைக் கண்டு நகைப்பர். கலி என்பது ஒரு யுகத்தின் பெயர். கண்ணாற் காணவியலாத காலத்திற்குக் கையும் காலும் கொடுத்துத் தூணில் நிறுத்தினான் சிற்பி. காலத்தையோ குணத்தையோ இவ்வாறு ஆளாக்கிக் காட்டுவதே உருவகம்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாவல்களுக்குப் படம் வரைந்தோரும் இம்முறையைக் கையாண்டனர். செப்புத் தகட்டிற் கோடுகளைச் செதுக்கி, அவற்றில் மை நிரப்பி, ஈரத்தாளை அழுத்தி எடுத்த படங்கள் அவை. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1605இலும் 1615இலும் இரு பாகங்களாக வெளியிட்ட ‘டான் குவிக்ஸோட்’ கதைக்குப் பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் அந்துவான் குவாப்பெல் தீட்டிய ஓவியங்கள், 1723 முதலாக இவ்வாறு செதுக்கப்பெற்றுப் பரவின. ஒரு படத்தில், வீரனாக வேடம் பூண்டு புறப்படும் கிழவனை மடமை என்னும் நங்கை வழிநடத்துகிறாள். வேறொன்றில், அறிவுத் தெய்வமாகிய மினர்வா அவனை அவளிடமிருந்து மீட்கிறாள்.

மாணவ நேயர்களே, நூலைப் புரட்டிப் பாருங்கள். இவ்விருவரும் அதில் இல்லை. வீரக்கதைகளை இரவுபகலாகப் படித்து, உறக்கம் குன்றி, அவன் மூளை வறண்டது என்பதே ஆசிரியர் கூற்று. இறுதியிலும் தெய்வம் ஏதும் இறங்கி வரவில்லை. காய்ச்சலிற் கிடந்தவன் உறங்கி விழித்தபோது தெளிந்திருந்தான், அவ்வளவே.

நம் நளவெண்பாவிலோ கலி, ஓவியன் பின்னர்ச் சேர்த்த ஆள் அல்லன். புகழேந்தியாரே கதைக்குள் நடமாட விட்ட பாத்திரம். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, கால் கழுவுகையில் நேர்ந்த சிறு குறையை வாயிலாகக் கொண்டு அவன் நளனுட் புகுகிறான். பிறகு புட்கரனோடு ஆடிய சூதில் நாடு போகிறது. சூதாடியவன் நளனா, கலியா? பழியைக் கலியின் தலையில் ஏற்றிவிட்டு நளனுக்காக இரங்குவது நமக்கு எளிது. ஆனால் அச்சிறு குறையைக் கவிஞர் மறைக்கவில்லை. அதனால் நளன் பங்கும் நிற்கிறது.

குவாப்பெல் அத்தகைய வாயில் எதனையும் வைக்கவில்லை. வழிநடத்த ஒருத்தி வந்துவிட்டாள். படித்து மயங்கியவனுக்குப் பொறுப்பேது? படங்கள் அழகியவை, ஐயமில்லை. ஆயினும் அவை செர்வாண்டிஸின் கூர்மையை மழுக்கிவிட்டன என்றே கூறுவேன். கதையிலேயே அவ்வூர்ப் பாதிரியாரும் நாவிதரும் கிழவனின் புத்தகங்களைத் தீயிலிடச் செய்து, அறைவாயிலையும் சுவரெழுப்பி அடைத்தனர். கிழவனோ சில நாட்களுள் மீண்டும் குதிரையேறிவிட்டான்.