போன கரண்ட் திரும்பும் வழி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம், "மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி பத்து நிமிடம் பேசு. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று மட்டும் பேசிவிடாதே, அதற்கு வேறு மூன்று பேர் இருக்கிறார்கள்" என்றார். ஆகவே நான் ஒரு பல்பைப் பற்றிப் பேசப் போகிறேன். பழைய கார் ஒன்றின் பின்பக்க இடது பல்பு. அதற்குள் நம் இரண்டாம் ஆண்டுப் பாடம் முழுவதும் இருக்கிறது.

என் பெற்றோர் நாகப்பட்டினத்தில் இருக்கிறார்கள். அப்பா பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் முப்பது வயதைத் தாண்டிய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. கோளாறு வயதாலும் கடற்காற்றாலும் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் சிகிச்சை. வாரம் ஒருமுறை திருவாரூர் போய்வர வேண்டும். திரும்பும்போது இருட்டிவிடும்.

ஒரு நாள் இரவு கீழ்வேளூர் பக்கம், பின்னால் வந்த பஸ் ஏறக்குறைய இவர்கள் வண்டியைத் தொட்டுவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "பெரியவரே, நீங்க பிரேக் அடிச்சா இடது பக்க லைட்டு அணையுது. ஒத்தை லைட்டு தெரிஞ்சதும் மோட்டார் சைக்கிள்னு நினைச்சு இடது பக்கமா ஏறப் பார்த்தேன். அம்மா உட்கார்ந்திருக்கிற பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அப்பா வழக்கமான பட்டறைக்கு எடுத்துப் போனார். பகல் வேளை. பிரேக்கை மிதித்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் எரிந்தது. இடது கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். "பழைய வண்டி சார், ஒயரிங் செட்டையே மாத்திடுங்க, இல்லேன்னா வித்துடுங்க" என்றார்கள். வீட்டில் பேச்சு வேறு விதமாகப் போயிற்று. அப்பா கையிலிருந்து சாவியையே வாங்கிவிடலாம் என்று அக்கா சொன்னாள். வண்டியைவிட அந்தப் பேச்சுதான் அவரை அதிகம் வருத்தியது. சாப்பிடும்போதுகூட யாரிடமும் பேசவில்லை.

அந்த வார விடுமுறையில் நான் ஊருக்குப் போனேன். அக்கா மகனும் வந்திருந்தான். இப்போது இதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மின்னியல் படிக்கிறான். (இந்த அரங்கில்தான் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறான்!) "மாமா, நான் பார்க்கிறேன்" என்று மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்தான்.

அவன் செய்த முதல் வேலை சரியான வேலை. இடது பல்பைக் கழற்றி வலது பக்கம் போட்டான், வலதை இடது பக்கம் போட்டான். கோளாறு இடம் மாறவில்லை. ஆகவே பல்பு நிரபராதி. வலது பக்கப் பிரேக் லைட் நன்றாக எரிகிறது. இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ், ஒரே பிரேக் சுவிட்ச். ஆகவே ஃபியூஸும் சுவிட்சும் நிரபராதிகள். ஒரு ஒயரைக்கூடப் பிரிக்காமல், உட்கார்ந்து யோசித்தே பாதி வண்டியை விலக்கிவிட்டோம். ஒயர் இரண்டாகப் பிரிந்து இடது பக்கம் வருகிற அந்தக் கடைசி இரண்டு அடியில்தான் விஷயம் இருக்கிறது.

பிறகு பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தான். தாத்தா பிரேக்கை மிதித்தார். 12.6 வோல்ட் காட்டியது. பையன் முகம் விழுந்துவிட்டது. "மாமா, வோல்டேஜ் முழுசா வருது. எல்லாம் சரியா இருக்கு. ஆனா எரியலை!"

மாணவ நண்பர்களே, இந்த இடத்தில்தான் பலர் ஒயரிங் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். அது இழுக்கிற கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சற்று மேல். வழியில் துருப்பிடித்து ஆயிரம் ஓம் தடை இருந்தால்கூட, அங்கே இழக்கப்படுவது ஆயிரத்தில் ஒன்றேகால் பங்கு வோல்ட். மீட்டரில் தெரியவே தெரியாது. ஆனால் 21 வாட் பிரேக் இழை கேட்பது ஒன்றே முக்கால் ஆம்பியர். ஆயிரம் ஓம் வழியே அதிகபட்சம் 12 மில்லி ஆம்பியர்தான் போகும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது வேறு, இறைத்துப் பார்ப்பது வேறு. சுமை ஏற்றாமல் அளந்த வோல்டேஜை நம்பி முடிவு எடுக்காதீர்கள்.

இன்னொன்று. காரில் பல்புக்கு ஒரு ஒயர்தான் போகிறது. திரும்பி வருவதற்கு ஒயர் இல்லை. வண்டியின் இரும்பு உடம்பே திரும்பும் வழி. தாமிரம் மிச்சம். ஆனால் அந்த வழியில் இருக்கிற ஒவ்வொரு போல்ட்டும், ஒவ்வொரு திருகும் சர்க்யூட்டில் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. நாம் போகிற வழியைத்தான் சோதிக்கிறோம். வருகிற வழியை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே பல்பைத் திரும்பப் போட்டோம். பார்க் லைட்டைப் போட்டு, பிரேக்கையும் மிதிக்கச் சொன்னேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகடிவில், மறுமுனை ஹோல்டரின் உலோக உடம்பில். எர்த் நன்றாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. வந்தது 12 வோல்ட்! எர்த் என்று நாம் நம்பிய இடத்தில் முழு வோல்டேஜ் நிற்கிறது. பிரேக்கை விட்டதும் அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே இறங்கிவிட்டது.

"ஏன்டா, சொல்லு பார்ப்போம்" என்றேன். ஐந்து நிமிடம் தரையில் குச்சியால் படம் போட்டான். அவனே கண்டுபிடித்துவிட்டான். அவன் போட்ட படத்தை வார்த்தையில் சொல்கிறேன்.

அந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள். பார்க் லைட்டுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் பொதுவான எர்த் ஒன்றுதான். அது செத்துவிட்டது. பார்க் லைட்டைப் போட்டதும் 5 வாட் இழை வழியே கரண்ட் வருகிறது. திரும்ப வழியில்லை. பக்கத்திலேயே 21 வாட் இழை இருக்கிறது. அதற்குள் பின்பக்கமாக நுழைந்து, பிரேக் ஒயரில் எதிர்த்திசையில் ஓடி, வலது பக்கப் பிரேக் இழை வழியாக அங்கே இருக்கிற நல்ல எர்த்தில் இறங்குகிறது. அந்த இரண்டு இழைகளும் குளிர்ந்திருப்பதால் தடை மிகக் குறைவு. அரை வோல்ட்தான் நஷ்டம். இடது விளக்கு நன்றாக எரிவதாகவே கண்ணுக்குத் தெரியும். இப்போது பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும்? அந்தத் திருட்டு வழியில் எதிரே 12 வோல்ட் வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம். கரண்ட் ஓடாது. விளக்கு அணைகிறது. பஸ் டிரைவர் பார்த்தது இதைத்தான்.

பகலில் பட்டறையில் ஏன் எரிந்தது? பார்க் லைட் போடவில்லை. அப்போது பிரேக் கரண்ட் 5 வாட் இழை வழியே நுழைந்து, பார்க் லைட் ஒயரில் ஓடி, மற்ற விளக்குகள் வழியாக இறங்கிவிட்டது. மங்கலாக எரிந்தது பிரேக் இழை அல்ல, பார்க் இழை! இரவில் நடக்கிற கோளாறை, இரவு நிலையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

இது கிர்க்காஃப் விதிதான். ஒரு சந்திப்புக்கு வருகிற கரண்ட் எல்லாம் அங்கிருந்து வெளியே போயாக வேண்டும். நேர்வழியை அடைத்தால் குறுக்குவழி தேடும். கிர்க்காஃப் இதை 1845இல் வெளியிட்டபோது அவருக்கு 21 வயது, கோனிக்ஸ்பெர்க்கில் மாணவர். நம் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊகம் சரியா என்று பார்க்க ஒரு துண்டு ஒயர் போதும். ஹோல்டரின் உடம்பிலிருந்து டிக்கிக்குள் சுரண்டி எடுத்த சுத்தமான இரும்புக்கு ஒயரைத் தொட்டேன். அப்பா பிரேக்கை மிதித்தார். பின்னால் சுவரெல்லாம் சிவப்பு. "எரியுதா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். "எரியுது தாத்தா!" என்று பேரன் கத்தினான்.

பிறகு வேலை எளிது. பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டு விளக்கை இறக்கினோம். முன்பு எப்போதோ பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த இடத்தின் மேலேயே விளக்கை வைத்து முடுக்கியிருந்தார்கள். திருகு ஒன்றுதான் எர்த்தாக இருந்தது. நாகப்பட்டினத்து உப்புக்காற்று அதையும் தின்றுவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வளைய முனை வைத்த தனி எர்த் ஒயர் ஒன்றைப் பல் வைத்த வாஷரோடு முடுக்கி, மேலே வாஸ்லின் தடவினோம். மறுபடி அளந்தபோது 0.04 வோல்ட். செலவு நூறு ரூபாய்க்குள். வலது பக்கத்துக்கும் அப்படியே செய்துவிட்டோம். அது மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

அன்று இரவு அப்பா தெருவில் ஒரு சுற்று போய்வந்தார். நாங்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். சாவியைப் பற்றி அதன் பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை. அக்கா மட்டும் புறப்படும்போது, "மாசம் ஒரு தடவை லைட்டைப் பார்த்துக்குங்கப்பா" என்றாள்.

இன்றைய வண்டிகளில் விளக்கைக் கணினி ஏற்றுகிறது, இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மின்சாரக் கார்களில்கூட உயர் அழுத்தச் சுற்றைத்தான் உடம்பிலிருந்து பிரித்து வைக்கிறார்கள். விளக்கு எரிகிற 12 வோல்ட் சுற்று இன்னும் உடம்பு வழியாகத்தான் திரும்புகிறது. எர்த் இன்னும் ஒரு போல்ட்டுதான். துருவுக்குக் கணினி தெரியாது.

மாணவ நண்பர்களுக்கு மூன்றே சொற்கள்: யோசித்து விலக்குங்கள், சுமையோடு அளவிடுங்கள், திரும்பும் வழியைப் பாருங்கள். எரிந்துபோன ஃபியூஸுக்குக் கம்பி சுற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். அது கோளாறைச் சரிசெய்யாது, வண்டியைக் கொளுத்தும்.

என்னோடு படித்த நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கல்லூரி ஆண்டுதோறும் எத்தனையோ பேரை வெளியே அனுப்புகிறது. ஆய்வகத்துக்கு ஒரு மீட்டர், ஒரு மாணவனுக்குப் பயிற்சி இடம், சனிக்கிழமை வந்து ஒரு மணி நேரம் வகுப்பு என்று எந்த வழியிலாவது திரும்பி வந்தால்தான் சர்க்யூட் முடியும். அந்த வழி துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வோம்.