உருக்கிய ரூபாயில் ஒரு கோப்பை



ரக்பி என்றதும், "அது வெள்ளைக்காரன் ஆட்டமாச்சே, நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். ஆனால் அந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற பழைய கோப்பை ஒன்று, இந்திய வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் பக்கத்துக்கு 20 பேராக ஓர் ஆட்டம் நடந்தது. மறு ஆண்டே அங்கு ஒரு மன்றம் உருவானது. ஆனால் அந்த ஊர் வெயிலுக்கு இந்த ஆட்டம் ஒத்துவரல. ஆட்கள் போலோ, டென்னிஸ் பக்கம் போய்விட்டார்கள். 1878-ல் மன்றத்தை மூட வேண்டிய நிலை.

வங்கியில் மிச்சமிருந்த பணத்தை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யல. வெள்ளி ரூபாயாகவே எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்யச் சொன்னார்கள். கைப்பிடிகளாக மூன்று நாகப்பாம்புகள், மூடியின் மேல் ஒரு யானை. அதை இங்கிலாந்து ரக்பி சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காகத்தான் மோதுகின்றன. மன்றம் நிலைத்தது சில வருஷமே; பெயர் நூற்று நாற்பது வருஷம் தாண்டி நிற்கிறது.

அப்படிப்பட்ட பொருளுக்கும் ஆபத்து வந்தது. 1988-ல் எடின்பரோவில் ஆட்டம் முடிந்த இரவு, வீரர்கள் சிலர் அதைத் தெருவில் உதைத்து விளையாடி நசுக்கிவிட்டார்கள். சேர்த்து வைக்க ஒரு தலைமுறை வேண்டும். கெடுக்க ஒரு ராத்திரி போதும்.

இன்று மேற்கு வங்கத்தின் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ரக்பி ஆடுகிறார்கள். அங்கிருந்து இந்திய அணி வரை போனவர்களும் உண்டு. 2019-ல் மணிலாவில் நம் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என வென்றது. 15 பேர் ஆட்டத்தில் அதுதான் அவர்களின் முதல் சர்வதேச வெற்றி. கல்கத்தா கோப்பையின் அடிப்பீடத்தில் அணித்தலைவர்களின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். தேயிலை பறிக்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளையின் பெயரை யார் பொறிப்பார்கள்? அந்தந்த ஊர்தான் செய்ய வேண்டும்.

இது ரக்பிக்கு மட்டுமல்ல. உங்கள் ஊரில் கபடியோ, கால்பந்தோ, எந்த ஆட்டமானாலும் சரி, மூன்று வேலைகளை இந்த மாதமே தொடங்குங்கள்.

ஒன்று, பழைய அணிப் படங்களை எடுத்து, பெரியவர்களிடம் காட்டி, யார் யார் என்று கேளுங்கள். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை படத்தில் ஊறிவிடும்.

இரண்டு, பழைய ஆட்டக்காரர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை இரண்டு இடங்களில் வையுங்கள்.

மூன்று, சான்றிதழ், சுற்றறிக்கை, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் படியெடுத்து, ஒரு தொகுப்பை ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கொடுங்கள்.

பிறகு ஆண்டுக்கு ஒரு நாள் பழைய அணியையும் புதிய அணியையும் ஒரே மைதானத்தில் நிறுத்துங்கள். மாலை மரியாதை எல்லாம் அப்புறம். முதலில் பெயர்களை உரக்க வாசியுங்கள். படத்தில் இருப்பவரை அடையாளம் சொல்லக்கூடிய கடைசி மனிதர் இப்போது உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவரை நாளைக்கே போய்ப் பாருங்கள்.