நீளத்தை அளந்தார்கள், அகலத்தை விட்டார்கள்

(திருச்சுழியில் நடந்த கிளைத் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டுச் சில தோழர்கள் சிரித்துவிட்டார்கள். "மிளகாய்க்கு விலை இல்லை, தறிக்குப் பாவு இல்லை, கண்மாயில் தண்ணீர் இல்லை. இதில் கார் பெரிதா சிறிதா என்பதா நமக்குப் பிரச்னை?" என்று ஒரு தோழர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நாமும் சென்ற ஐப்பசி மாதம் வரை அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அந்த மாதம் ஒரு மழை நாளில், இரண்டு தோழர்களுடன் இங்கிருந்து கிழக்கே ஒரு கிராமத்திற்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். ஒற்றைத் தார் ரோடு. இரண்டு பக்கமும் சீமைக் கருவேல் முள் வளைந்து ரோட்டின் மேலேயே கிடக்கிறது. ஒரு திருப்பத்தில் பஸ் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் எதிரும் புதிருமாக இரண்டு கார்கள். ஒன்று ஒதுங்கினால்தான் மற்றது போகலாம். ஒதுங்க வேண்டுமானால் தாரை விட்டுக் கரிசலில் இறங்க வேண்டும். மழையில் நனைந்த கரிசலைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இறங்கிய சக்கரத்தை ஏற்ற டிராக்டர்தான் வரவேண்டும். ஆகவே இருவரும் இறங்க மாட்டேன் என்கிறார்கள்.

கார் இறங்கவில்லை, மனிதர்கள் இறங்கினார்கள். புல்லுக்கட்டோடு வந்த ஒரு அம்மாள் முழங்கால் வரை சேற்றில் புதைந்து காரைச் சுற்றிப் போனாள். சைக்கிள்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஆடு ஓட்டி வந்த பையன் ஆடுகளை முள்ளுக்குள் விரட்டினான். இரண்டு கார்களிலும் சேர்த்து மூன்று பேர். பின்னால் நின்ற பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட அறுபது பேர் இருப்போம். அரை மணிக்கு மேல் நின்றோம்.

கடைசியில் ஒரு காரைப் பின்னால் தள்ளித் தள்ளி ஒரு பாலம் வரை கொண்டுபோய் ஒதுக்கினோம். அதை ஓட்டி வந்தவன் யார் தெரியுமா? நமது நெசவாளத் தோழர் ஒருவரின் மகன். கடன் வாங்கிக் கார் எடுத்து வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறான். "ஏன் தம்பி, இந்த ரோட்டுக்கு இவ்வளவு பெரிய வண்டியா?" என்று கேட்டோம். அவன் சொன்ன பதில்தான் நம்மை இங்கே பேச வைத்திருக்கிறது. "இது பெரிய வண்டி இல்லை, மாமா. நாலு மீட்டருக்குள்தான் இருக்கிறது. சர்க்கார் கணக்கில் சின்ன வண்டி" என்றான்.

அவன் சொன்னது முழு வாஸ்தவம். விசாரித்துப் பார்த்தோம்.

2006ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நிதி மந்திரி ப. சிதம்பரம் (நமக்குப் பக்கத்துச் சிவகங்கைச் சீமைக்காரர்தான்) சிறிய கார்களுக்கு எக்ஸைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். எது சிறிய கார்? நீளம் 4,000 மில்லி மீட்டருக்கு மேல் போகக்கூடாது. எஞ்சின் பெட்ரோலானால் 1,200 சி.சி., டீசலானால் 1,500 சி.சி. இவ்வளவுதான் இலக்கணம். அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று ஒரு வார்த்தை கிடையாது. அன்று அந்தச் சர்க்காரை இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரித்துக்கொண்டிருந்தார்கள். அகலத்தை ஏன் விட்டீர்கள் என்று நாமும் அன்று கேட்கவில்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இதே அளவுகோல். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு வரி 28 சதவீதமும் செஸ்ஸும் என்றிருந்தது 18 சதவீதமாகக் குறைந்தது. அப்போதும் அதே 4 மீட்டர், அதே சி.சி. அகலத்தை யாரும் தொடவில்லை.

முதலாளி என்ன செய்வான்? எதை அளக்கிறார்களோ அதைக் குறைப்பான்; எதை அளக்கவில்லையோ அதை வளர்ப்பான். மாருதி கம்பெனியின் டிசைர் என்ற கார் 2008இல் வந்தபோது நீளம் 4 மீட்டருக்கு மேல். 2012இல் அதன் பின்பெட்டியைக் கத்தரித்து 3,995 மில்லி மீட்டராக்கினார்கள். வரி எல்லைக்கு 5 மில்லி மீட்டர் உள்ளே! தையற்காரர்கூட இவ்வளவு கச்சிதமாக வெட்டமாட்டார். பிறகு ஜீப் மாதிரி உயர்ந்த கார்களும் இதே நாலு மீட்டருக்குள் புகுந்தன. செங்கற்பட்டுப் பக்கம் மறைமலை நகரில் போர்டு கம்பெனி செய்த எக்கோஸ்போர்ட் அப்படிப்பட்டது. அந்தக் கம்பெனி 2021இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துத் தொழிலாளர்களைத் தெருவில் விட்டது தனிக் கதை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போது அகலத்தை வரிசையாகச் சொல்கிறோம். நமது வயதுக்காரர்கள் கலியாண ஊர்வலத்தில் பார்த்த பியட் கார், அதாவது பிரீமியர் பத்மினி, சுமார் 1.46 மீட்டர். மாருதி 800 கார் 1.44 மீட்டர். மந்திரிகளும் கலெக்டர்களும் போன அம்பாஸடர் 1.68 மீட்டர், அதைத்தான் நாம் கப்பல் என்று சொன்னோம். இன்று நாலு மீட்டருக்குள் அடங்கிய "சிறிய" கார்களில் பிரெஸ்ஸா 1.79 மீட்டர், நெக்ஸான் 1.80 மீட்டர். அதாவது சர்க்கார் சிறியது என்று சலுகைக் கணக்கில் சேர்க்கும் வண்டி, மந்திரி போன அம்பாஸடரைவிட அரைச் சாணுக்கு மேல் அகலம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதாகச் சொல்வார்கள். இங்கே கட்டெறும்பு வளர்ந்து கழுதை ஆகியிருக்கிறது. வரி மட்டும் கட்டெறும்பு வரி.

எடையும் அப்படியே. மாருதி 800 சுமார் 650 கிலோ. இன்றைய இந்த உயர்ந்த "சிறிய" கார்கள் 1,100, 1,200 கிலோ. ஒரு ஆளைச் சுமக்க இரண்டு மடங்கு இரும்பு, அதை இழுக்க அதற்குத் தக்க எண்ணெய்.

ரோட்டுக்கு வருவோம். கிராமத்து ஒற்றை ரோட்டுக்குச் சர்க்கார் வைத்திருக்கும் தார் அகலம் 3.75 மீட்டர். போக்குவரத்து குறைந்த இடத்தில் 3 மீட்டரும் உண்டு. இரண்டு மாருதி 800 கார்கள் 3.75 மீட்டரில் சந்தித்தால் 2.88 மீட்டர் போக மீதி 87 சென்டி மீட்டர். மெதுவாகப் போனால் தாரை விட்டு இறங்காமல் தாண்டிவிடலாம். இரண்டு 1.80 மீட்டர் கார்கள் சந்தித்தால் மீதி 15 சென்டி மீட்டர். பக்கக் கண்ணாடிகளுக்கே அது போதாது. அந்த மழை நாளில் நடந்தது இந்தக் கணக்குதான், தோழர்களே. டிரைவர்களின் பிடிவாதம் அதில் பாதிதான்.

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் கதை வேறு விதம். காலையில் தெருவில் பாவு நீட்டி ஆற்றிய தொழில் அது. தறி வீட்டுக்குள், பாவு தெருவில். தெரு வழிப்பாதை மட்டுமல்ல, தொழிற்கூடமும்தான். இன்று அங்கே ஒரு வாசலில் ஒரு அகலக் கார் நின்றால் தண்ணீர் வண்டி திரும்ப முடியவில்லை; வியாதிக்காரரை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் தெரு முனையில் நிற்கிறது. இதனால் தெருவில் சண்டை. சண்டை இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்குள். வண்டியை அகலமாக்கியவன் அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். "பழைய சிறிய கார்கள் தகர டப்பா. மோதினால் உள்ளே இருப்பவன் பிழைக்க மாட்டான். பாதுகாப்புக்காகத்தான் வண்டி வளர்ந்தது" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2014இல் குளோபல் என்.சி.ஏ.பி. என்ற ஸ்தாபனம் இந்தியாவில் அதிகம் விற்ற சிறிய கார்களை மோதவிட்டுப் பார்த்தபோது ஆல்ட்டோ, நானோ முதலியவை பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அதன் பிறகுதான் மோதல் பரீட்சையும், முன் ஸீட்டுகளுக்குக் காற்றுப்பையும் கட்டாயமாயின. கதவுக்குள் இரும்புச் சட்டம் வைத்தால் கதவு கொஞ்சம் தடிக்கும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கதவு தடித்த கணக்கில் ஒன்றரைச் சாண் அகலம் கூடிவிடுமா?

அதோடு யாருடைய பாதுகாப்பு என்று கேட்க வேண்டும். 2022இல் இந்திய ரோடுகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டரில் போனவர்கள். ஏறக்குறைய 20 பேர் நடந்து போனவர்கள். காருக்குள் இருப்பவனுக்குக் காற்றுப்பை. வெளியே இருப்பவனுக்கு? தாழ்ந்த மூக்குள்ள கார் மோதினால் காலில் அடிக்கும். உயர்ந்த மூக்குள்ள வண்டி மார்பில், குழந்தையானால் தலையில் அடிக்கும். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் ஆராய்ச்சி ஸ்தாபனமே 2023இல் சொன்னது: வண்டியின் மூக்கு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால், 30 அங்குலத்துக்குள் சரிந்த மூக்குள்ள காரைவிட, அடிபட்டு நடப்பவர் சாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். சொன்னது கம்யூனிஸ்டுகள் அல்ல, இன்ஷூரன்ஸ்காரர்கள்!

"ஜனங்கள் கேட்கிறார்கள், நாங்கள் செய்கிறோம்" என்பது கம்பெனிகளின் இன்னொரு வாதம். நம் நாட்டில் விற்கும் புதிய கார்களில் பாதிக்கு மேல் இன்று உயர்ந்த ரகம் என்பது உண்மையே. ஆனால் அதே அடித்தளம், அதே எஞ்சின், மேலே உயர்ந்த கூடு. விலை மட்டும் லட்சக்கணக்கில் கூடுதல். சிறிய காரில் கிடைக்கும் லாபம் சிறியது. எதை விளம்பரம் செய்வான், எதை விற்பனைக் கூடத்தில் முன்னால் நிறுத்துவான்? ஒருவன் உயர்ந்த வண்டி வாங்கினால் எதிரே தாழ்ந்த வண்டியில் வருகிறவனுக்குப் பயம் வருகிறது. அவனும் அடுத்த முறை உயர்ந்ததையே வாங்குகிறான். இதைத்தான் ஜனங்களின் விருப்பம் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

மாருதியின் வரலாற்றையே பாருங்கள். அது 1981இல் சர்க்கார் பணத்தில், சர்க்கார் கம்பெனியாகப் பிறந்தது. ஜப்பான் சுசுகிக்கு ஆரம்பத்தில் 26 சதவீதப் பங்குதான். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளிவந்தது. 2002இல் சுசுகி கைக்கு அதிகாரம் போயிற்று. 2007இல் சர்க்கார் தன் கடைசிப் பங்கையும் விற்றது. 2014இல் மாருதி 800 உற்பத்தி நின்றது. சர்க்கார் பணத்தில் பிறந்த அந்தச் சிறிய காரின் இடத்தில் இன்று பெரிய வண்டிகளின் லாபம்.

இதே சுசுகி சொந்த நாட்டில் என்ன செய்கிறது? ஜப்பானில் "கேய்" என்று சிறிய கார்களுக்கு ஒரு தனி வகுப்பு உண்டு, வரிச்சலுகை உண்டு. 1998 முதல் அதற்குச் சட்டம் வைத்த எல்லை: நீளம் 3.40 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சி.சி. அங்கே அகலத்தை அளக்கிறார்கள்! அதனால் சுசுகியின் வேகன்-ஆர் ஜப்பானில் 1.475 மீட்டர் அகலம். அதே பெயரில் இந்தியாவில் விற்கும் வேகன்-ஆர் 1.62 மீட்டர். ஜப்பானில் விற்கும் புதிய கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் குறுகிய கார்களே. ஜப்பான் சோஷலிஸ நாடு அல்ல, தோழர்களே. சுத்தமான முதலாளித்துவ நாடு. அங்கே சட்டம் கேட்டது, கம்பெனி செய்தது. இங்கே சட்டம் கேட்கவில்லை.

ஐரோப்பாவிலும் இந்த வளர்ச்சி நடக்கிறது. அங்கே புதிய கார்களின் சராசரி அகலம் 2018இல் 177.8 சென்டி மீட்டராக இருந்து 2023 முற்பாதியில் 180.3 ஆகிவிட்டது. பாரிஸ் நகரத்தில் 2024 பிப்ரவரியில் ஜனங்களிடம் ஓட்டு எடுத்து, கனமான வெளியூர்க் கார்களுக்கு நிறுத்துமிடக் கட்டணத்தை மும்மடங்காக்கினார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஒரு இளந்தோழர், "அப்படியானால் நம்மவர்கள் கார் வாங்கக்கூடாதா?" என்று முன்வரிசையிலிருந்து கேட்கிறார். யார் அப்படிச் சொன்னது? இரவு ஒன்பது மணிக்கு மேல் பஸ் இல்லாத கிராமத்தில், பிரசவ வலி கண்ட பெண்ணை அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ கொண்டுபோகக் கார்தான் வேண்டியிருக்கிறது. அந்த நெசவாளி மகன் கார் ஓட்டிப் பிழைப்பதை நாம் குறை சொல்லவில்லை. அவன் எட்டு வருஷம் தவணை கட்ட வேண்டிய வண்டியை, 1.5 மீட்டர் அகலத்தில், பாதி எடையில், நல்ல காற்றுப்பையோடு ஏன் செய்து கொடுக்கவில்லை என்றுதான் கேட்கிறோம். அவனுக்குத் தவணையும் குறைந்திருக்கும், எண்ணெயும் மிஞ்சியிருக்கும்.

2019-21இல் சர்க்கார் எடுத்த குடும்ப நலக் கணக்கின்படி இந்த நாட்டில் கார் உள்ள குடும்பங்கள் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. மீதி 92 குடும்பங்களும் அதே ரோட்டில்தான் நடக்கின்றன. 1997இல் தமிழ்நாட்டில் மினி பஸ் வந்தபோது எத்தனை கரிசல் கிராமங்கள் முதல் முறையாகப் பஸ் சத்தம் கேட்டன என்பது மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; 2025இல் புதிய மினி பஸ் திட்டமும் வந்திருக்கிறது. இவை நல்லவைதான். ஆனால் கட்டணம் இல்லாத பஸ், வராத பஸ்ஸாக இருந்தால் என்ன பயன்? வந்த பஸ் இரண்டு கார்களுக்குப் பின்னால் நின்றால் என்ன பயன்?

ஆகவே நாம் தயாரிக்கும் மனுவில் நாலு விஷயம் இருக்கும். சிறிய கார் என்ற வரிச்சலுகைக்கு அகலத்தையும் எடையையும் சேர்த்து எல்லை வைக்க வேண்டும், இது டில்லிக்கு. ஒற்றை ரோடுகளில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு இடமாவது கப்பி போட்டு ஒதுங்குமிடம் அமைக்க வேண்டும். இது ரோடு இலாகாவுக்கு. ரோட்டின் மேல் கிடக்கும் சீமைக் கருவேலை வெட்ட வேண்டும், இது ஊராட்சிக்கு. இரவு பஸ் வேண்டும். இது பஸ் டிப்போவுக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் இந்த வருஷமே முடிகிற காரியம். முதலாவது நீண்ட நாள் பிடிக்கும்.

வெறும் கையோடு மனு கொடுக்கக்கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நரிக்குடி ரோட்டுப் பக்கத் தோழர்களும் பரளச்சிப் பக்கத் தோழர்களும் அவரவர் ஊர் முனையில் கூடுங்கள். கொத்தனார் தோழர்கள் அளவு டேப் கொண்டு வரட்டும். முள்ளை விலக்கித் தார் எங்கே முடிகிறதோ அங்கிருந்து அங்கே அளந்து, மைல் கல் வாரியாக நோட்டில் எழுதுங்கள். எதிரே வருகிற கார்க்காரர் சம்மதித்தால் அவர் வண்டியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். சண்டை போடாமல் கேளுங்கள். அந்த நெசவாளி மகன் தன் காரைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.