மாதம் நிறையுமுன் பிறக்கும் மழலை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு என் பேத்தி 33 வாரத்தில் பிறந்தாள். 37 வாரம் நிறையுமுன் பிறப்பதையே குறைமாதப் பேறு என்பர். “மாடிப்படி ஏறினாள், அதனால்தான்” என்று மருமகளைக் குறை கூறியோரில் நானும் ஒருவன். பின்னர் மருத்துவர் பொறுமையாக விளக்கியபோது நாணினேன்.

உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றின் கணிப்பின்படி, 2020ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அவற்றுள் ஏறத்தாழ 30 இலட்சம் நம் நாட்டில். பலவற்றுக்குக் காரணம் புலப்படுவதில்லை. புலப்படுவனவற்றுள் சில நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

முதலாவது இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகக் கர்ப்பிணிகளுள் 48.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வீட்டார் அனைவரும் உண்டபின் சட்டியில் எஞ்சியதே மருமகளின் பங்கு. இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலும் மாநகராட்சி நலவாழ்வு மையங்களிலும் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. குழந்தை கறுத்துவிடும் என்று அதை ஒளித்துவைக்கும் மாமியார்கள் இன்றும் உண்டு, அது உண்மையன்று. மாத்திரை விழுங்கியவுடன் தேநீர் அருந்தினால் சத்து உடலில் சேராது. அந்தத் தேநீரை அன்புடன் நீட்டியவன் நானேதான்!

அடுத்தது வயதும் இடைவெளியும். பதின்பருவத்தில் கருவுறுவோருக்கு இந்த அபாயம் மிகுதி. 18 நிறையாத பெண்ணின் திருமணத்தைப் பதிவேட்டில் ஏற்றலாகாது என்பதில் நிர்வாகிகள் எவர் முகத்தையும் பார்க்கக் கூடாது. ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுக்கும் இடையே 24 மாதங்களேனும் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் பீடி புகைக்கும் ஆண்மக்களும் இதனைக் கேட்க வேண்டும்: அப்புகை கருவையும் எட்டும். எண்ணூர்ச் சாலைத் தூசியை நாம் தனித்து நிறுத்த இயலாது; அதற்கு மனுக்கொடுப்போம். பீடியை இன்றே அணைக்கலாம்.

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு அனுப்புகையில் சீர்வரிசைத் தட்டுகளை எண்ணுகிறோம். பரிசோதனை அட்டையை மறந்துவிடுகிறோம். அங்குள்ள மருத்துவருக்கு முந்தைய விவரம் எதுவும் தெரியாமற் போகிறது.

இறுதியாக, மாதம் நிறையுமுன் வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, இடுப்பு தொடர்ந்து வலித்தாலோ, நீர் கசிந்தாலோ விடியட்டும் என்று காத்திராதீர்கள். சிசுவின் நுரையீரலை வலுப்படுத்தும் ஊசி உண்டு. பேற்றுக்கு முன்பே தாய்க்குப் போட்டு, அது வேலைசெய்யச் சில மணி நேரமேனும் கிடைக்க வேண்டும். ஆட்டோவுக்குப் பேரம் பேசும் வேளையன்று அது. உடனே 108ஐ அழையுங்கள்.